செதுக்கியவர் பெயர்

(அஞ்செட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, மேற்கு ஆப்பிரிக்காவில் மர முகமூடி செதுக்கும் கலைஞரின் பாணி. அஞ்செட்டி மேடையில் நைஜீரியாவுக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் இரவெல்லாம் கூத்து நடக்கிறது. துரியோதனன் தலையில் கிரீடம், தோள்களில் புஜக்கட்டை, நெஞ்சில் மார்புப் பதக்கம். எல்லாம் மரத்தில் செதுக்கியவை. நோட்டீஸைப் பாருங்கள்: வாத்தியார் பெயர் இருக்கிறது, வேஷம் கட்டுகிறவர் பெயர் இருக்கிறது, உபயதாரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தக் கட்டையைச் செதுக்கியவர் பெயர் இல்லை. ஆப்பிரிக்க முகமூடிக்கும் உலக அருங்காட்சியகங்களில் நெடுங்காலம் இதேதான் நடந்தது. பிறகு சிலர் அங்கே போய்க் கேட்டார்கள், பெயர்கள் கிடைத்தன. அவர்கள் எப்படிக் கேட்டார்கள், என்ன கிடைத்தது என்பது நமக்குத் தேவைப்படும் பாடம் என்று நம்புகிறேன். அதனால்தான் இந்தத் தலைப்பு.

ஐரோப்பிய அருங்காட்சியகத்தில் ஒரு முகமூடியின் கீழே பழைய அட்டையில் என்ன எழுதியிருக்கும்? இனத்தின் பெயர், நூற்றாண்டு, ‘மரம், வண்ணம்’. அவ்வளவுதான். ரெம்பிராண்ட் வரைந்த படத்தின் கீழே ‘டச்சு இனம், 17ஆம் நூற்றாண்டு, துணி, எண்ணெய் வண்ணம்’ என்று யாராவது எழுதுவார்களா? அந்த அட்டைக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருந்தது. பழங்குடிக் கலைஞன் முன்னோர் செய்ததைத் திரும்பச் செய்கிறவன், அவனுக்கென்று தனிக் கை கிடையாது, பாணி இனத்துக்குச் சொந்தம் என்ற எண்ணம். இது பிழை. முகமூடியின் பாணி மரத்திடமும் கருவியிடமும் ஆடுகிறவரின் உடம்பிடமும் பார்க்கிற ஊரின் கண்ணிடமும் கட்டுப்பட்டது, உண்மை. ஆனால் அத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மனிதரின் கை இருக்கிறது. அந்தக் கையை மற்றக் கைகளிலிருந்து பிரித்து அறிய முடியும்.

முதலில் மரத்திலிருந்து தொடங்குகிறேன்.

நான் பெரும்பாலும் யொரூபா மக்களைப் பற்றியே பேசுவேன். நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனின் நாட்டிலும் வாழ்கிறவர்கள். அவர்களுடைய முகமூடி பெரும்பாலும் ஒரே கட்டையில் வரும். ஒட்டு இல்லை, மூட்டு இல்லை, பசை இல்லை. அடிமரத்தில் ஒரு துண்டு, அதற்குள்ளேயே முகமும் காதும் கொண்டையும் அதற்கு மேல் நிற்கும் உருவங்களும் அடங்க வேண்டும். மரத்தின் நடுத்தண்டு எங்கே போகிறதோ அங்கேதான் முகத்தின் நடுக்கோடு. இந்த முகமூடிகள் இருபுறமும் ஒத்த அளவாய், நேர் நிமிர்ந்து, முன்னோக்கிப் பார்ப்பதற்கு உருண்டையான அடிமரமும் ஒரு காரணம். ஒரு கை வெளியே நீண்டால் அந்த அளவுக்குப் பெரிய மரம் வேண்டும். ஆகவே கைகள் உடம்பை ஒட்டியே இருக்கும்.

மரம் வெட்டியதும் ஈரம் காயும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. நம் ஊர் ஆசாரிகள் கதவுக்கும் நிலைக்கும் மரத்தைக் காயப்போட்டுத்தான் எடுப்பார்கள். இங்கே முறை வேறு. பச்சை மரத்தில் கருவி இறங்கும், கை ஓடும். காயும்போது வெடிக்குமே என்றால், முகமூடியைப் பின்புறமிருந்து குடைந்து எடுத்துவிடுகிறார்கள். சுவர் ஒரே கனமாக இருந்தால் ஈரம் ஒரே சீராக வெளியேறும், வெடிப்பு குறையும். குடைவது போட்டுக்கொள்வதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். மரத்தைக் காப்பாற்றுவதற்கும் அதுதான் வழி.

முதன்மையான கருவி வாய்ச்சி. இளைய தம்பிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ப்ளைவுட்டும் மின் இழைப்புளியும் வந்த பிறகு நம் பட்டறைகளில் வாய்ச்சி மூலைக்குப் போய்விட்டது. கைப்பிடிக்குக் குறுக்கே வாய் வைத்த கருவி, தன்னை நோக்கி ஓங்கிச் செத்த வேண்டும். ஒவ்வொரு வெட்டும் ஒரு மெல்லிய பள்ளத்தை விட்டுச் செல்லும். உளியும் கொட்டாப்புளியும் மரத்தைக் கோடு கோடாகப் பிளந்துகொண்டு போகிற இடத்தில், வாய்ச்சி பரப்புப் பரப்பாக எடுக்கும். யொரூபா முகத்தில் கன்னமும் நெற்றியும் பெரிய, தெளிவான பரப்புகளாக நிற்பது வாய்ச்சியின் நடை.

கெவின் கரோல் என்ற பாதிரியார் 1947 முதல் ஓயே-எகிட்டி என்ற ஊரில் மரபுச் செதுக்குக் கலைஞர்களை வைத்து ஒரு பட்டறை நடத்தினார். பக்கத்திலேயே இருந்து பார்த்து, அவர்கள் வேலையை நான்கு படியாகச் சொல்வதைக் குறித்துக்கொண்டார். 1967இல் வெளிவந்த அவருடைய நூலில் இது வருகிறது. முதற்படியில் கோடரியாலும் வாய்ச்சியாலும் பெரும் பகுதிகள் பிரிக்கப்படுகின்றன: தலை இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மேலே நிற்கும் உருவம் இவ்வளவு. இரண்டாவதில் அந்தப் பெரும் பகுதிகள் கண், மூக்கு, வாய், காது என்று உடைகின்றன. மூன்றாவது வழவழப்பாக்குவது. நான்காவது கத்தி முனையால் நுணுக்கம்: பின்னல், இமை, கன்னத்துக் கீறல் தழும்புகள். உப்புத்தாள் வராத காலத்தில் அத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் சொரசொரப்பான இலையால் தேய்த்தார்கள்.

நான்காம் படியில்தான் அழகு என்று நமக்குத் தோன்றும். என் கருத்து வேறு. பாணி முதற்படியிலேயே முடிவாகிவிடுகிறது. யொரூபா உருவங்களில் தலை உடம்பின் நான்கில் ஒரு பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு. நிஜ மனிதருக்கு அப்படிக் கிடையாது. தலையில்தான் ஒருவருடைய விதி குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. தலையெழுத்து என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த அளவை வரைபடம் இல்லாமல், ஸ்கேல் இல்லாமல், முதல் பத்துப் பதினைந்து வெட்டுக்குள் கலைஞர் நிலைநிறுத்த வேண்டும். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. டூல் ரூமில் வேலை செய்யும் தம்பிகள் இந்த இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். டிராயிங் பார்த்து மைக்ரான் கணக்கில் வெட்டுவது ஒரு திறமை. டிராயிங் கண்ணுக்குள்ளேயே இருந்து வெட்டுவது இன்னொரு திறமை.

கருவி பற்றி இன்னும் ஒரு செய்தி. இரும்புக்கு அவர்களிடம் ஒரு தெய்வம், ஓகுன். செதுக்குகிறவர், கொல்லர், வேட்டைக்காரர், இன்று லாரி ஓட்டுநர், மெக்கானிக் எல்லோருக்கும் அவர்தான் காவல். இரும்பு தொடும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர். ஆயுத பூஜை நாளில் ஓசூர் ஆலைகளில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்து மாலை போடுகிறோமே, அந்த மனம் அங்கேயும் இருக்கிறது.

இனி ஆடுகிறவரின் உடம்பு. இரண்டு வகை முகமூடிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்கு யொரூபா ஊர்களில் கெலெடே என்ற விழா நடக்கிறது. யுனெஸ்கோ 2001இல் இதை மானுடத்தின் வாய்மொழி, அருவ மரபுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்தது. 2008இல் பிரதிநிதித்துவப் பட்டியலில் சேர்ந்தது. ‘நம் தாய்மார்கள்’ என்று அவர்கள் குறிப்பிடும் மூத்த பெண்களின் ஆற்றலை மதித்து, அவர்கள் மனம் குளிர நடத்தப்படும் ஆட்டம். ஆடுகிறவர்கள் ஆண்கள், பெரும்பாலும் இணை இணையாக. முகமூடி முகத்தை மறைப்பதில்லை; தலையில் தொப்பியைப் போலச் சாய்ந்து உட்காருகிறது. ஆடுகிறவரின் முகத்தை மெல்லிய துணி மூடியிருக்கும், அதன் வழியாகப் பார்ப்பார். பல முகமூடிகளில் கீழ்ப்பகுதி ஒரு பெண் முகம். சலனமே இல்லாத அமைதி. அதன் தலைக்கு மேலேதான் கலைஞரின் விளையாட்டு: பாம்பும் பறவையும் சண்டையிடும், தையல் மெஷினில் ஒருவர் தைப்பார், மோட்டார் சைக்கிள் போகும், விமானம் பறக்கும்.

இந்த ஏற்பாட்டை எவ்வளவு நேரம் நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கீழே கட்டுப்பாடு, மேலே சுதந்திரம். தாய்மாரின் முகத்தில் கலைஞர் கை வைக்கக் கூடாது. அது ஊருக்குச் சொந்தம். மேலே நேற்று ஊருக்கு வந்த புதுப்பொருளையும் வைக்கலாம், ஊரில் தப்பு செய்தவரைக் கேலியும் செய்யலாம். மரபு என்றால் மாறாதது என்று நினைக்கிறவர்கள் மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த அமைதியான முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கே மாறலாம், எங்கே மாறக் கூடாது என்று அந்த ஊர்கள் மிகத் தெளிவாகத் தீர்மானித்து வைத்திருக்கின்றன. அந்த இரண்டும் சேரும் எல்லையில்தான் கலைஞரின் பாணி வேலை செய்கிறது.

இரண்டாவது வகை எபா. வடகிழக்கு யொரூபா ஊர்களில், எகிட்டிப் பகுதியில் காணலாம். முழுத் தலையையும் மூடும் பானை போன்ற அடிப்பகுதி, முன்னும் பின்னும் முகம். அதற்கு மேலே குதிரை வீரன், பிள்ளைகளோடு தாய், அரசன், சுற்றிலும் பரிவாரம். எல்லாம் ஒரே கட்டை. ஒரு மீட்டருக்கு மேல் உயரம், இருபது கிலோவுக்கு மேல் எடை உள்ளவையும் உண்டு. இதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓர் இளைஞர் மண்மேட்டின் மேல் துள்ளி ஏற வேண்டும். தடுமாறினால் ஊருக்கு ஆகாது.

இப்போது செதுக்குகிறவர் இடத்தில் நின்று பாருங்கள். சுவர் கனத்துவிட்டால் பையன் கழுத்து தாங்காது. மெலிந்துவிட்டால் குதித்து இறங்கும்போது பிளக்கும். மேலே இருக்கும் பரிவாரத்தை அகலப் பரப்பினால் எடை ஒரு பக்கம் இழுக்கும். நடுத்தண்டை ஒட்டி நெருக்கி நிறுத்த வேண்டும். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்த்து வியக்கும் அந்த நெருக்கமான, மேல்நோக்கி எழும் அமைப்பில் பாதி அழகுணர்ச்சி, பாதி அந்தப் பையனின் கழுத்து.

நம் கூத்தில் இதே கணக்கு இருக்கிறது. இங்கே முகத்துக்கு அரிதாரம்தான், முகமூடி அபூர்வம். ஆனால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆட வேண்டும், சுழல வேண்டும், அடவு போட வேண்டும். அதனால்தான் கல்யாண முருங்கை. முள்முருங்கை என்றும் சொல்கிறோம், வேலியோரம் நிற்கிற மரம். சாமானுக்கு உதவாத மெத்தென்ற மரம், அடுப்புக்கும் சிறப்பில்லை. ஆட்டக்காரரின் தோளுக்கு அதுவே வரம். காஞ்சிபுரம் பக்கத்தில் பி. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990இல் தொடங்கிய சங்கம் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கிறது. இந்த மரக்கட்டைகளிலிருந்து வந்த பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் கடைசல் பொம்மைக்கு நம் வெட்பாலை மரத்தை எடுக்கிறார்கள். வெள்ளை நிறம், நெருக்கமான ரேகை, அரக்குச் சாயம் வழுக்கிக்கொண்டு ஏறும். காட்டில் இரண்டு மரமும் அருகருகே நிற்கலாம். ஒன்று ஆட்டத்துக்கு, ஒன்று கடைசலுக்கு என்று பிரித்தறிந்த அறிவு பல தலைமுறை அறிவு.

அடுத்து, பார்க்கிற ஊரின் கண். 1960களில் ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் யொரூபா ஊர்களில் ஒரு காரியம் செய்தார். செதுக்கிய உருவங்களை ஊரார் முன்னால் வைத்து, எது நன்றாக இருக்கிறது, ஏன் என்று கேட்டார். தலைவர்கள், விவசாயிகள், செதுக்குகிறவர்கள் எல்லோரும் பதில் சொன்னார்கள். உருவம் ஆளைப் போலவும் இருக்க வேண்டும், அச்சு அசலாகவும் இருக்கக் கூடாது. நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பும் தூரத்திலிருந்தே பிரிந்து தெரிய வேண்டும். மேற்பரப்பில் ஒளி வழுக்க வேண்டும், பள்ளத்தில் நிழல் தங்க வேண்டும். நிமிர்ந்து, சமமாய் இருக்க வேண்டும். எவ்வளவு வயதானவரைச் செதுக்கினாலும் முகத்தில் முதுமை கூடாது, நல்ல வயதில் இருப்பவராகத் தெரிய வேண்டும். முகத்தில் பதற்றம் கூடாது. இப்படி ஒரு முழுமையான விமர்சன மரபு அந்த ஊர்களில் இருந்தது. ஏட்டில் இல்லை, வாயில் இருந்தது. கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

நம் ஊர்களில் அது இல்லையா? கூத்துக்குப் பாய் விரித்து உட்காரும் பெரியவர், கிரீடம் வந்ததும் ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் நகர வாசகர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், அது பெரும்பணி. ஆனால் கட்டையின் அழகைப் பற்றிய ஊர்ப்பேச்சு இன்னும் பதிவாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது மனிதர்களிடம் வருகிறேன். என் பேச்சின் நெஞ்சு இதுதான்.

இசே என்ற ஊரில் ஓலோவே என்று ஒருவர் இருந்தார். 1875 வாக்கில் பிறந்தவர், 1938 வாக்கில் மறைந்தார். இசே அரசரின் பணியாளராக இருந்து செதுக்கினார். புகழ் பரவியதும் பிற ஊர் அரண்மனைகள் அழைத்தன. இகெரே அரண்மனைக்கு 1910க்கும் 1914க்கும் இடையில் ஒரு ஜோடிக் கதவு செதுக்கினார். ஒரு கதவில் இகெரே அரசர், மறு கதவில் அவரைப் பார்க்க வரும் கேப்டன் ஆம்ப்ரோஸ் என்ற ஆங்கில அதிகாரி, ஆட்கள் சுமக்கும் தூளியில். 1924இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த பேரரசுக் கண்காட்சிக்கு இந்தக் கதவுகள் போயின. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் கேட்டது. அரசர் விற்கவில்லை, இங்கிலாந்தில் செய்த ஒரு சிம்மாசனத்தைப் பதிலாகப் பெற்றுக்கொண்டு கொடுத்தார். கதவுகள் இன்றும் லண்டனில் இருக்கின்றன.

அந்தக் கதவில் ஓலோவேயின் கை எப்படித் தெரிகிறது? மற்றக் கலைஞர்கள் கதவில் செதுக்கினால் உருவங்கள் பலகையோடு பலகையாக, ஒரே மட்டத்தில் படிந்திருக்கும். ஓலோவேயின் உருவங்கள் பலகையிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கின்றன. தலைகள் முழுச் சிற்பமாகவே துருத்தி நிற்கின்றன, அவற்றுக்குப் பின்னால் கத்தி புகுந்து குடைந்திருக்கிறது. ஒவ்வோர் உருவமும் ஒவ்வோர் ஆழத்தில். பின்புலம் முழுக்க வண்ணக் கோலம். நீண்ட கழுத்து, கோணமான தோள். காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் நிழல் விழும். இது இனத்தின் பாணி என்று யார் சொல்வது? அதே இனத்தில் அதே காலத்தில் வேறு யாரும் இப்படிச் செய்யவில்லை.

அவர் செய்த ஒரு கிண்ணம் வாஷிங்டனில் இருக்கிறது. மண்டியிட்ட ஒரு பெண் கிண்ணத்தைத் தாங்குகிறாள். கீழே சுற்றியுள்ள உருவங்களுக்கு நடுவே ஒரு தலை, தனியாக உருள்கிறது. வெளியே எடுக்க முடியாது. உள்ளே போட்டு மூடியதும் இல்லை. ஒரே கட்டையில், அந்த உருவங்களின் இடைவெளி வழியாகவே கத்தியை விட்டு, அந்தத் தலையை மரத்திலிருந்து அறுத்து விடுவித்திருக்கிறார். மன்னர் கேட்டிருக்க மாட்டார், விழாவுக்கும் தேவையில்லை. தன்னால் முடியும் என்பதற்காகச் செய்தது. கலைஞரின் தனி மனம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம்.

1998இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் ஓலோவே ஒருவருக்கு மட்டும் தனிக் கண்காட்சி நடத்தியது. 2022இல் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம், எபா முகமூடிகளின் பெருங்கலைஞரான ஓடோ-ஓவா ஊர் பாமிக்போயேவுக்கு நடத்தியது. அதற்கும் முன்பே, 1950-51இல் மேக்கோ ஊரில் தங்கிய ஆய்வாளர் வில்லியம் பாஸ்கம், கெலெடே முகமூடி செதுக்கிய டூகா என்பவரின் வேலையை அருகிருந்து பார்த்து, அவர் ஒருவரைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். ஆக, பெயர்கள் ஒவ்வொன்றாக அட்டைக்கு ஏறின.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்கள் தொலைந்து போயிருக்கவே இல்லை. யொரூபா மக்களிடம் ஒருவரைப் பெயர் சொல்லிப் புகழ்ந்து பாடும் மரபு உண்டு. ஓலோவே இறந்து ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, 1988இல், அவருடைய மனைவியருள் ஒருவர் ஓலோவேயின் புகழ்ப்பாடலை ஆய்வாளர் ஜான் பெம்பர்ட்டனுக்குப் பாடிக் காட்டினார். ஊருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியும், பக்கத்து ஊர் அரண்மனைக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போனவர் கேட்கவில்லை. கேட்காமல் கப்பலேற்றிய இடத்தில்தான் பெயர் உதிர்ந்தது.

கையை அடையாளம் காண்பது எப்படி என்று இளைஞர்கள் கேட்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஜொவானி மொரெல்லி ஓவியங்களுக்கு ஒரு வழி சொன்னார்: முகபாவத்தைப் பார்க்காதே, காதைப் பார், விரல் நகத்தைப் பார். கவனம் அதிகம் போகாத இடங்களில் கை தன் பழக்கப்படி ஓடும். மர முகமூடிக்கும் இது பொருந்தும். காது எந்த வடிவில் வளைகிறது, கண்ணிமை கோடா, பட்டையா, உதடுகள் எங்கே முடிகின்றன, பின்னல் எத்தனை வரி. பாணி தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது உண்மைதான். ஆரேயோகுன் என்ற பெருங்கலைஞரின் மகன் பண்டேலே ஓயே-எகிட்டிப் பட்டறையில் வேலை செய்தார். அதே பட்டறையில் 1928இல் பிறந்த லமிடி ஃபகேயே சேர்ந்தார். ஃபகேயே பிறந்ததே செதுக்குக் குடும்பம், ஐந்தாம் தலைமுறை. இருந்தும் பண்டேலேயிடம் பயின்ற பிறகுதான் அவருடைய கை தனக்கான வழியைக் கண்டது. இரத்தம் பாதி தரும்; யாருடைய பக்கத்தில் உட்கார்ந்து வழவழப்பாக்கினோம் என்பது மீதியைத் தரும்.

நம் பக்கம் திரும்புவோம். பெயர் பொறிப்பது நமக்குப் புதிதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் கல்லில் இருக்கிறது. ஹொய்சளர் கோயில்களில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சிற்பிகள் தனித்தனிச் சிற்பங்களின் அடியிலேயே பெயர் வெட்டிக்கொண்டார்கள். பேலூரில் தாசோஜனும் அவர் மகன் சாவணனும். சோமநாதபுரத்தில் மல்லிதம்மன், அவர் பெயர் கண்ட கோயில்களை வைத்துப் பார்த்தால் சுமார் அறுபது ஆண்டு உளி பிடித்தவர். சோமநாதபுரத்தின் பக்கம் ஓடி வருகிற அதே காவிரிதான் மேகேதாட்டு தாண்டி நம் காட்டோரம் இறங்குகிறது. ஹொய்சள அரசன் ராமநாதன் குந்தாணியில் இருந்து ஆண்டான். அது நம் மாவட்டத்திலேயே, வேப்பனப்பள்ளிப் பக்கம். பெயர் பொறித்த சிற்பிகளின் அரசு இந்த மண்ணிலும் நடந்தது.

அதே மண்ணில் நடுகற்களும் நிற்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களில் அரசன் பெயர், அவனுடைய ஆட்சியாண்டு, மாடு மீட்டு இறந்த வீரன் பெயர் எல்லாம் வட்டெழுத்தில் உண்டு. சில நடுகற்களில் வீரனின் நாய்க்குக்கூட இடம் கிடைக்கிறது. வெட்டியவர் பெயர் அரிது. வீரனுக்காக நட்ட கல், வீரன் பெயர்தான் அதில் நிற்க வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் வரிசையாக நிறுத்திய கற்களைப் பார்த்தால் வில்லை வளைத்திருக்கும் விதத்தில், முழங்கால் மடிப்பில் ஒரே கை இரண்டு மூன்று கற்களில் தெரிகிறதா என்று தேடலாம். நம் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

மரத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கரையான் தின்னும், மழை தின்னும். 2020இல் அரும்பாவூர், தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. போலியைத் தடுக்க அது உதவும். அது காப்பது ஊரின் பெயரை. செதுக்கியவரின் பெயரை எழுத வேண்டிய பொறுப்பு இன்னும் நம்மிடமே இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கெலெடே முகமூடிக்கு விழாவுக்கு முன் புதுவண்ணம் பூசுவார்கள். முன்பு வெள்ளை மண், மரச்சிவப்பு, அவுரி. பிறகு கடையில் வாங்கும் எனாமல். சேகரிப்பாளர்களுக்குப் பளபளப்பான எனாமல் பிடிக்காது, உதிர்ந்து மங்கியதைத்தான் விலை கொடுத்து வாங்குவார்கள். ஆடுகிற ஊருக்கு மங்கியது மரியாதைக் குறைவு. நம் கூத்துக் கட்டைக்கும் ஜிகினா தாளும் கண்ணாடித் துண்டும் பழசானால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுகிறோம், அய்யனார் குதிரைக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கிறோம். நான் ஊரின் பக்கம். கட்டை ஆட்டத்துக்கு இருக்கும் வரை அது புதிதாக மின்ன வேண்டும். ஆனால் தாளை உரிக்கும் அந்த ஒரு நாள்தான் அடியில் இருக்கும் கை தெரிகிற நாள். பதிவு செய்ய நினைப்பவர் அன்று அங்கே இருக்க வேண்டும்.

இன்று சி.என்.சி. ரௌட்டரில் கதவுக்கு மயிலும் கஜலட்சுமியும் வெட்டுகிறார்கள். ஓசூரிலும் வெட்டுகிறார்கள், திருப்பூரிலும் வெட்டுகிறார்கள், ஒரே கோப்பு, ஒரே மயில். மெஷினின் மேல் எனக்குக் கோபமில்லை. அதை இயக்குகிறவர்களும் நம் பிள்ளைகள்தான். அந்தக் கோப்பை முதலில் வரைந்தவர் ஒருவர் இருப்பார், அவர் பெயரும் எங்கேயும் இல்லை. கையால் செதுக்கிய கட்டைக்கு நேர்ந்தது கணினியில் வரைந்த கோட்டுக்கும் நேர்கிறது.

மரம் கிடைப்பதும் எளிதில்லை. இந்த மலைகளைச் சேர்த்து 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காடு காக்கப்பட வேண்டியது, யானைக்கு இடம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கல்யாண முருங்கைக்குக் காட்டுக்குள் போகவும் வேண்டாம். கொம்பை ஒடித்து நட்டால் வேலியில் தழைக்கும். கூத்து நடக்கும் ஒவ்வொரு கோயில் நிலத்திலும் பத்துக் கொம்பு நட்டால் அடுத்த தலைமுறைக் கட்டைக்கு மரம் கிடைத்துவிடும்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குள் அஞ்செட்டி வட்டத்தில் உள்ள கூத்துக் குழுக்களின் கட்டைகளைப் பதிவு செய்யும் ஒரு பணிக்குச் சிறு நிதி ஒதுக்குங்கள். ஒவ்வொரு கட்டையையும் முன்புறம், பக்கவாட்டு, முக்கியமாக உட்புறம் படமெடுக்க வேண்டும். வாய்ச்சியின் வெட்டும் உளியின் கோடும் உட்புறத்தில்தான் மறையாமல் இருக்கும். எடை பார்க்க வேண்டும், மரம் எது என்று எழுத வேண்டும். எந்த வேஷத்துக்குச் செய்தது, யார் யார் கட்டி ஆடினார்கள் என்று குழுவின் மூத்தவரிடம் கேட்க வேண்டும். செதுக்கியவர் யார், எந்த ஊர், யாரிடம் கற்றார் என்று கேட்க வேண்டும். அவர் உயிரோடு இருந்தால் நேரில் போய், விருப்பம் கேட்டு, அவர் சொல்கிற விதத்திலேயே பெயரை எழுத வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசத் தெரிந்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஆட்டம் இல்லாத மாதங்களில் கட்டைகள் பரணில் இருக்கும், இறக்கிப் பார்க்க வசதி. அங்கிருந்து தொடங்கலாம்.